சங்கீத ரீச்சர் பதில்கள்: சேம்பு வயல் சுருதி

சென்ற மாதம் வீணைத் தந்தி பற்றிய ஒரு பதிலின் கடைசியில், "நான் என் வாழ்நாளில் ஆகக்கூடுதலான தடவை கேட்டது ஒரு ஹவாய்க் கிற்றார் கசற்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை அதிகம். அதனால் இந்த மாதம் பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதுகிறேன். மற்றக் கேள்விகளைக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன கசற் ரீச்சர்? மல்லாவியில் இருந்த உங்கள் கைக்கு ஹவாய் இசை எப்படி வந்தது?
— வாசகர், துணுக்காய்

என் சின்ன மாமா கப்பலில் வேலை செய்தவர். அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை, அங்கே வீட்டுக்கு ஒரு கப்பல்காரராவது இருப்பார். 1982இல் மாமா லீவில் வந்தபோது எனக்கு ஒரு கசற் தந்தார். ஹொனலுலுத் துறைமுகத்தில் கப்பல் சில நாட்கள் நின்றபோது பழகிய ஒருவர் தன் வீட்டில் இருந்த இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுத்தாராம். மட்டையில் மாமாவின் கையெழுத்து: "ஹவாய் கிற்றார். பாட்டு இல்லை." அவ்வளவுதான். வாசித்தவர் பெயர், ஆண்டு, எந்த இசைத்தட்டு என்ற விபரம் எதுவும் கிடையாது. பாட்டு இல்லை என்றதால் வீட்டில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் அப்போது வயலின் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், பிறகு விடவில்லை.

1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது வயலினோடு ஒரு பால்மாப் பேணியும் கொண்டு வந்தேன். அதற்குள் ஆறு கசற். கிளாலிக் கடலைத் தாண்டி மல்லாவிக்கு வந்து சேர்ந்து, ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். அந்தக் காலத்து வன்னியைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஜாம்போத்தல் விளக்கு எரித்தோம். செய்தி கேட்கச் சைக்கிள் டைனமோதான் வழி. சைக்கிளைத் தலைகீழாக நிமிர்த்தி வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவிலிருந்து ஆறு வோல்ற் வரும். நாலு பற்றரி போடும் ரேடியோவுக்கு அது கணக்காக இருக்கும். இடையில் ஒரு டயோட் வைத்து என் தம்பி எங்கள் கசற் ரேடியோவுக்கு இணைப்புச் செய்தான். அவனுக்கு அப்போது பதினேழு வயது.

ரேடியோ மட்டும் என்றால் மெல்லச் சுற்றினால் போதும். கசற் ஓட வேண்டும் என்றால் உள்ளே மோட்டர் சுழல வேண்டும், அதற்கு வேகமாகச் சுற்ற வேண்டும். கை களைத்தால் வேகம் குறையும், நாடா மெதுவாகும், சுருதி கீழே இறங்கும். பாட்டுக் கசற் போட்டால் பாடகர் நித்திரை தூங்குவது போல இருக்கும், கேட்க முடியாது. இந்த ஹவாய்க் கசற் மட்டும் அப்படிச் சுருதி இறங்கினாலும் கெடவில்லை. தந்தியே தளர்ந்து தளர்ந்து இறங்குவது போல, அப்படித்தான் வாசித்திருக்கிறார் என்பது போலவே கேட்டது. தம்பிக்குச் செய்தி முடிந்த பிறகும் கையில் தெம்பு மிஞ்சியிருந்தால், "அக்கா, உங்கட கிற்றாரைப் போடுங்கோ" என்பான். பத்து நிமிடம், சில நாள் பதினைந்து நிமிடம் கேட்போம். பக்கத்துக் கொட்டில்காரரும் வந்து வாசலில் குந்துவார்கள்.

அந்தக் கசற் 2009இன் தொடக்கத்தில் போய்விட்டது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்துகொண்டிருந்தபோது எந்த இடத்தில் அந்தப் பேணி விடுபட்டது என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. வயலின் விடுபட்ட இடம் மட்டும் தெரியும்.

என்ன இசைத்தட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடித்தவன் என் பழைய மாணவன், இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். என்னிடம் படித்த காலத்தில் அந்த வாசலில் குந்தியிருந்தவர்களில் அவனும் ஒருவன். நான் வாயால் பாடிக் காட்டிய மெட்டுகளைத் தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டு, பழைய இசைத்தட்டுச் சேகரிப்பவர்களிடம் போட்டுக் காட்டித் திரிந்தான். மூன்று வருடம் எடுத்தது. லெனார்ட் குவான் என்பவர் 1960இல் ட்ரேட்விண்ட்ஸ் என்ற ஹொனலுலு நிறுவனத்துக்காக வாசித்த இசைத்தட்டு அது. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இல்லாமல் கிற்றாரையே முன்னுக்கு வைத்து, "தளர்த்திய தந்தி" என்கிற பாணியில் முழுநீளமாக வெளிவந்த முதல் இசைத்தட்டு என்று அதைச் சொல்கிறார்கள். "பாட்டு இல்லை" என்று மாமா எழுதியது எவ்வளவு சரியான குறிப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் கிற்றார் பழகுகிறேன். "தளர்த்திய தந்தி" வாசிப்பு என்றால் என்ன? என் கிற்றாரில் அதை முயன்று பார்க்கலாமா?
— உயர்தர மாணவி, கிளிநொச்சி

பார்க்கலாம் பிள்ளை, இன்றைக்கே பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை, ஆணியைத் திருப்பினால் சரி.

ஹவாய் மொழியில் இதற்குப் பெயர் கீ ஹோஅலு. "ஆணியைத் தளர்த்து" என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் ஸ்லாக் கீ என்பார்கள். உங்கள் கிற்றாரில் ஆறாம் தந்தியிலிருந்து ஒன்றாம் தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டியிருப்பீர்கள். அதில் மூன்று தந்திகளை மட்டும் இரண்டு ஃபிரெட் அளவுக்கு இறக்குங்கள்: ஆறாவதை டி-க்கு, ஐந்தாவதை ஜி-க்கு, ஒன்றாவதை டி-க்கு. இப்போது டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வரும். விரல் ஒன்றும் வைக்காமல் மேலிருந்து கீழே ஒருமுறை தடவுங்கள்.

உங்களுக்குச் சங்கீதமும் தெரியும் என்று எழுதியிருப்பதால் ஸ்வரத்திலேயே சொல்கிறேன். ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் உங்கள் ஆறு தந்தியும் ப, ஸ, ப, ஸ, க, ப. காந்தாரம் அந்தர காந்தாரம். தம்புராவில் நாங்கள் மீட்டுகிற பஞ்சமம் இங்கே மூன்று தடவையும் ஸட்ஜம் இரண்டு தடவையும் கிடைக்கின்றன, மேலே ஒரு காந்தாரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாத்தியமே ஆதாரசுருதியாகிவிடுகிறது. கிற்றார்காரர்கள் சேர்த்து அழுத்தப் பழகுகிற கோர்ட் ஒன்றையும் இதில் அழுத்தத் தேவையில்லை. வெறும் தந்தியே ஒரு கோர்ட்தான்.

இந்தச் சுருதிக்குச் "சேம்பு வயல்" என்று பெயர். எனக்கு இந்தப் பெயரை நினைத்தாலே சந்தோஷம். ஹவாய்க்காரருக்குச் சேம்பங்கிழங்குதான் சோறு. அதை வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சி, வரம்பு கட்டி, சேற்றுக்குள் நட்டு வளர்ப்பார்கள். படத்தில் பார்த்தால் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இருக்கிற வயல் போலவே இருக்கும். தங்கள் முதன்மையான சுருதிக்கு அந்த மக்கள் தங்கள் வயலுடைய பெயரை வைத்திருக்கிறார்கள்.

வாசிக்கும்போது பெருவிரல் கீழ்த் தந்திகளில் மாறி மாறி ஒரே சீராக நடந்துகொண்டிருக்க வேண்டும், அது நிற்கவே கூடாது. மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டை எடுக்கும். முதல் ஒரு கிழமைக்குப் பெருவிரலை மட்டும் நடக்க விடுங்கள். அது தன்பாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் மெட்டு. நான் வயலின்காரி, கிற்றார் எனக்கு வராது. ஆனால் மாணவர்களுக்குத் தாளம் போடக் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன், கையும் வாயும் பிரிந்து வேலை செய்யப் பழகுவதுதான் இதிலும் கடினமான பகுதி.

இன்னொன்றையும் முயன்று பாருங்கள். மூன்றாம் தந்தியை ஜி-யிலிருந்து இன்னும் ஒரு ஃபிரெட் கீழே இறக்குங்கள். ஸட்ஜம் இருந்த இடத்தில் காகலி நிஷாதம் வந்துவிடும். இந்த வகைச் சுருதிகளுக்கு வஹீனே, அதாவது "பெண்" என்று பெயர். அந்த நிஷாதத்தை மீட்டிய கையோடு இடக்கை விரலால் முதலாம் ஃபிரெட்டில் தட்டினால் நி ஸ-வாக மாறும். நிஷாதம் ஸட்ஜத்துக்கு ஏங்குகிற அந்த ஏக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க நான் ஒரு தவணை முழுக்கக் கஷ்டப்படுவேன். இவர்கள் அதைச் சுருதியிலேயே கட்டி வைத்துவிட்டார்கள்.

ஹவாய் கிற்றார் என்றால் மடியில் வைத்து இரும்புத் துண்டால் வழுக்கி வழுக்கி வாசிப்பதல்லவா? பழைய றேடியோப் பாட்டுகளில் கேட்டிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற தபாலதிபர், வவுனியா

ஐயா, அது வேறு. நீங்கள் சொல்வது ஸ்டீல் கிற்றார். அதுவும் ஹவாயில் பிறந்ததுதான். ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞர் 1880களில் அதை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கதை. உலகம் சுற்றியது அந்தத் தங்கைதான். டாவ் மோ என்ற ஹவாய் இசைக்கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பிறகு பிரிஜ் பூஷன் காப்ரா அந்த வாத்தியத்தை ஹிந்துஸ்தானி மேடைக்கே கொண்டுவந்தார். தளர்த்திய தந்திக் கிற்றாரோ மூத்தது, வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்தது. சாதாரணமாகக் கிற்றாரைப் பிடிப்பது போலப் பிடித்து, விரலாலேயே வாசிப்பது.

ஒரு இசைத்தட்டைக் கண்டுபிடிக்க மூன்று வருடமா? ஏன் அவ்வளவு அரிதாக இருக்கிறது?
— கூத்துக் கலைஞர், முள்ளியவளை

அண்ணை, நீங்கள் கேட்டபடியால் உங்களுக்கு விளங்குகிற விதத்தில் ஆரம்பிக்கிறேன். கோவலன் கூத்து ஆடுகிற உங்கள் ஊரில் நான் சின்னதாக ஒரு வேலைக்கு வந்து, ஒரு மெட்டை எழுதித் தரும்படி ஒரு அண்ணாவியாரிடம் கேட்டேன். கொப்பியை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி தந்து அனுப்பினார். எனக்கு அப்போது மனவருத்தம். ஹவாய்க் கதையைப் படித்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

அங்கே இந்தச் சுருதிகள் ஒவ்வொன்றும் குடும்பச் சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்கு, பாட்டியிடமிருந்து பேரனுக்கு. வெளியாள் வந்தால் வாசிப்பதை நிறுத்தி, தந்திகளைக் குலைத்துவிட்டுத்தான் கிற்றாரைக் கீழே வைப்பார்களாம், எந்தச் சுருதி என்று கண்டுபிடிக்க முடியாதபடி. ரே கானே என்ற பெரிய கலைஞர் சின்னப் பையனாக இருந்தபோது, ஓஅஹு தீவின் நானாகுலிக் கரையில் மீன் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்து அதற்குப் பதிலாக வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவரே 1987இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது பெற்றார்.

மூடி வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்ததென்று நான் நினைக்கிறேன். ஹவாய் ஒரு தனி இராச்சியமாக இருந்தது. 1893இல் அரசியைக் கவிழ்த்தார்கள், 1898இல் அமெரிக்காவோடு சேர்த்தார்கள். இடையில் 1896இல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் போதனாமொழி என்று சட்டம் வந்தது. பிள்ளைகள் தங்கள் மொழியைப் பள்ளியில் பேசினால் தண்டனை. மொழி வீட்டுக்குள்ளும் பாட்டுக்குள்ளும்தான் உயிரோடு இருந்தது. அப்படி இருக்கும்போது வீட்டில் மிஞ்சியிருக்கிற ஒன்றை யார் தூக்கி வெளியே வைப்பார்கள்? இதை எழுதும்போது எனக்கு எங்கள் ஊர்களில் பெட்டகத்தின் அடியில் ஒளித்து வைத்த கொப்பிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

முதன்முதல் ஒலிப்பதிவே 1946இல்தான். கப்பி பஹினுயி என்பவர் ஒரு நீர்வீழ்ச்சியின் பெயர் கொண்ட பாட்டை வாசித்துப் பாடிப் பதிந்தார். அதுவரை நூறு வருடத்துக்கு மேலாக வீட்டு முற்றத்தில் மட்டும் இருந்த இசை அது. பிறகு வந்த இசைத்தட்டுகளும் பெரும்பாலும் ஹவாயில் இருந்த சின்ன நிறுவனங்கள் அந்த ஊர்ச் சனங்களுக்காக வெளியிட்டவைதான். அமெரிக்கப் பெருநிலத்துக் கடைகளுக்கே சரியாகப் போகவில்லை என்றால் மல்லாவிக்கு எப்படி வரும்? ஒரு கப்பல்காரர் வேண்டியிருந்தது.

1970களில் அங்கே ஒரு பெரிய மறுமலர்ச்சி வந்தது. இளைஞர்கள் தங்கள் மொழியையும் நடனத்தையும் இந்தக் கிற்றாரையும் திரும்பத் தேடிப் போனார்கள். 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் அரசகரும மொழிகளில் ஒன்றாகியது. மூத்தவர்கள் மெல்ல மெல்லக் கொப்பியைத் திறந்தார்கள். குவானும் பிற்காலத்தில் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். 1990களில் ஜோர்ஜ் வின்ஸ்டன் என்ற பியானோக் கலைஞர் தன் டான்சிங் காட் நிறுவனத்தின் மூலம், உயிரோடு இருந்த மூத்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பதிந்தார். நல்ல வேளை. அந்த மூத்தவர்களில் ஸன்னி சில்லிங்வர்த் 1994இல் காலமானார், குவான் 2000ஆம் ஆண்டில்.

அண்ணை, உங்கள் அண்ணாவியார் இப்போது இருக்கிறாரோ தெரியாது. இருந்தால் அவர் சம்மதத்தோடு ஒரு தொலைபேசியிலாவது பதிந்து வையுங்கள். பாட வேண்டாம் என்றால் மெட்டை முனகட்டும், அது போதும்.

வயலின் தந்தி துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?
— தாய் ஒருவர், பாண்டியன்குளம்

பூசவே வேண்டாம். வில் வழுக்கும், சத்தம் வராது. வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பறையும் கூத்தும் பண்ணும் பராமரிப்பாரற்றுக் கிடக்கின்றன. ஒரு சங்கீத ஆசிரியை பசுபிக் சமுத்திரத்துக் கிற்றாருக்கு உருகுவது சரியா?
— தமிழாசிரியர், ஒட்டுசுட்டான்

உங்கள் கேள்வியில் உள்ள வேதனை எனக்கும் உண்டு சேர். அதனால் இதற்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிற்றார் ஹவாய்க்காரருடையது அல்ல. 1793இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் முதலாம் கமெஹமெஹா அரசருக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அந்த மாடுகளைக் கொல்லக்கூடாது என்று அரசர் பத்து வருடத்துக்குத் தடை போட்டார். அவை காட்டுக்குள் பெருகிப் பயிரையெல்லாம் அழித்தன. எங்கள் பக்கத்தில் கட்டாக்காலி மாடு வயலுக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதைத் தீவு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். 1830களில் மூன்றாம் கமெஹமெஹா, அப்போது மெக்சிக்கோவோடு இருந்த கலிபோர்னியாவிலிருந்து மாட்டுக்காரர்களை வரவழைத்தார். எஸ்பான்யோல் பேசியவர்கள் என்பதால் அவர்களைப் பனியோலோ என்று அழைத்தார்கள், இன்றைக்கும் அங்கே மாட்டுக்காரருக்கு அதுதான் பெயர். பகலில் குதிரையில் மாடு பிடிக்கவும் வார்க்கயிறு எறியவும் சொல்லிக் கொடுத்தார்கள், இரவில் நெருப்பு மூட்டிக் கிற்றார் வாசித்தார்கள். வேலை முடிந்து பலர் திரும்பிப் போனபோது கிற்றார்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கிற்றாரோடு வந்த சுருதி ஹவாய்க்காரர் குரலுக்கும் அவர்களுடைய பழைய ஓதல் முறைக்கும் பொருந்தவில்லை. ஆகவே ஆணியைத் திருப்பினார்கள். தங்கள் தொண்டைக்குச் சரியாக வரும்வரை தளர்த்தினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு விதம், ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு விதம். வந்த வாத்தியம் அப்படியே கிடக்க, சுருதி மட்டும் ஊர்ச் சுருதியாக மாறிவிட்டது.

இப்போது என் வயலினைப் பாருங்கள். சென்னைக்கு அருகே மணலியில் பாலுஸ்வாமி தீட்சிதர், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி, ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். வெள்ளைக்காரர் அதை ஜி, டி, ஏ, ஈ என்று இறுக்கிக் கட்டி, நின்றுகொண்டு வாசித்தார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம், தலைப்பைக் காலில் ஊன்றினோம், தந்திகளைத் தளர்த்தி ஸ, ப, ஸ, ப என்று கூட்டினோம். இன்றைக்கு வயலின் இல்லாத ஒரு கச்சேரியை உங்களால் நினைக்க முடியுமா? நானும் இருபத்தெட்டு வருடம் தளர்த்திய தந்தியைத்தான் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். அது தெரியாமலே கற்பித்தேன். அந்தக் கசற்றை நான் முதல் நாளே விட முடியாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் சேர், நான் பறையை விட்டுவிட்டுக் கிற்றாருக்குப் போகவில்லை. எங்கோ ஒரு சனம் தன் மொழியைப் பறிகொடுத்த காலத்திலும் சுருதியைக் கைவிடவில்லை என்பதைக் கேட்கிறேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் பறை பழக்க ஒருவரைக் கூட்டி வந்தால், தாளம் எழுதிக் கொடுக்க நான் பஸ் ஏறி வருகிறேன்.

இப்போது தொடங்குகிறவர் யாரைக் கேட்க வேண்டும்?
— வாசகி, மாங்குளம்

இரவில், வேலையெல்லாம் முடிந்த பிறகு ரே கானேயைக் கேளுங்கள், அவ்வளவு ஆறுதலான வாசிப்பு. குரலும் வேண்டும் என்றால் கப்பி பஹினுயி. குவானின் 1960ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள், அவர் பிற்காலத்தில் டான்சிங் காட்டுக்கு வாசித்ததைத் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். ஹவாய்க்காரர் இந்த இசையை மெச்சுவதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: நஹேநஹே. மென்மை, இனிமை, இதம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிப் போட வேண்டாம்.

நானும் 2009இல் ஒரு பெட்டி கசற் விட்டவன். தொலைந்த இசை திரும்பக் கிடைத்தபோது எப்படி இருந்தது ரீச்சர்?
— வாசகர், புதுக்குடியிருப்பு

தம்பி, உங்கள் கேள்வியைப் பத்து நாள் மேசையில் வைத்திருந்தேன்.

மாணவன் போன வருடம் ஊருக்கு வந்தபோது அந்த இசைத்தட்டையே கொண்டுவந்து என் கையில் தந்தான். மல்லாவியில் இசைத்தட்டைப் போட ஒரு பெட்டி கிடையாது என்று தெரிந்து, அதைப் பதிந்த பென் ட்ரைவையும் கொண்டுவந்தான். இசைத்தட்டு இப்போது என் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கிறது.

உடனே கேட்கவில்லை. வவுனியாவில் இருக்கிற தம்பிக்குச் சொல்லி, அவன் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை பொறுத்திருந்தேன். அவனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, வலது தோள்மூட்டு நோ. பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து போட்டோம்.

முதல் வந்தது ஒரு குழப்பம். சுருதி எனக்குத் தெரிந்ததை விட மேலே இருந்தது. எல்லாம் கொஞ்சம் வேகமாகவும் இருந்தது. பதினைந்து வருடமாக நான் என் தலைக்குள் வாசித்துக்கொண்டிருந்தது டைனமோவின் சுருதி. இது குவானின் சுருதி. யாரோ ஒருவரை எப்போதும் மங்கலான வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டு, முதல்முறை பகலில் பார்த்தது போல இருந்தது. அதே ஆள்தான், ஆனால் இவ்வளவு இளமையானவரா என்று தோன்றியது. கணக்குப் பார்த்தால் அதை வாசிக்கும்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை.

பிறகு பெருவிரல் காதில் விழத் தொடங்கியது. எங்கள் சின்ன ஸ்பீக்கரில் கீழ்த் தந்திகள் கேட்டதே இல்லை. மெட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறது. இப்போது அடியில் அந்தப் பெருவிரல் நடந்துகொண்டே இருக்கிறது, ஒரு இடத்திலும் தடுமாறாமல், வண்டில் மாடு பழகின பாதையில் தானாக வீட்டுக்குப் போவது போல. மேல் விரல்கள் எவ்வளவு தூரம் போனாலும் அது காத்திருக்கிறது. ஒரு தந்தியை மீட்டிவிட்டு அடுத்த விரலால் தட்டி எழுப்புகிற அந்தச் சின்ன ஸ்வரங்களை நான் முன்பு நாடாவின் பழுது என்று நினைத்திருந்தேன். பழுதல்ல, கமகம் போல அவர் வேண்டுமென்றே வைத்தது.

எனக்கும் தம்பிக்கும் அந்தக் காலத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. ஒரு உருப்படியின் கடைசியில் வேகம் குறைந்து குறைந்து நின்றுபோகும். "கை களைத்துப் போச்சு உனக்கு, இன்னும் ஒரு நிமிஷம் சுத்தினால் என்ன" என்று நான் பேசுவேன். "நான் ஒரே மாதிரித்தான் சுத்திறன், அவர்தான் மெதுவாக வாசிக்கிறார்" என்று அவன் சொல்வான். நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

அந்த உருப்படி வந்தது. தம்பி கதிரையை விட்டு எழும்பி ஸ்பீக்கருக்குக் கிட்ட வந்து நின்றான். கடைசிச் சுற்றில் வேகம் குறைந்தது. மின்சாரம் இருந்தது, ஒரு கையும் எதையும் சுற்றவில்லை. குவான்தான் குறைத்தார். கடைசி ஸட்ஜத்தை மீட்டி, அது முழுக்க அடங்கும்வரை விட்டிருந்தார்.

"அக்கா," என்றான் தம்பி. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் எழும்பி அதை இன்னொருமுறை போட்டேன்.